மாடு வாய் வைக்காத பூ

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சின்ன வயதில் உங்கள் வீட்டில் எதையெல்லாம் விஷம் என்று சொல்லி உங்களை வளர்த்தார்கள்?

எங்கள் வீட்டுப் பட்டியலை நானே சொல்லிவிடுகிறேன். கொல்லையில் நின்ற மரத்தக்காளி விஷம். வேலியில் படர்ந்த தாட்பூட் பழமும் விஷம். தின்றால் விதை வயிற்றில் முளைத்து, காது வழியாகக் கொடி வெளியே வரும். பெரியப்பாவின் பிளம்ஸ் மரம் கடும் விஷம், அதிலும் பழம் சிவக்கிற மாதத்தில். அத்தை பரணில் ஏற்றி வைத்திருந்த பால் பவுடர் டப்பாவுக்குள் இருந்தது எலி மருந்து. அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த கருப்பட்டி, மாட்டுப் புண்ணில் அரைத்துப் போடுவது. கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் போளூரில் அன்றைக்கு இருந்த பெரியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வெள்ளனே எழுந்து பொழுது சாயும் வரை காட்டில் குனிந்தே கிடந்தவர்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று பக்குவமாக எடுத்துச் சொல்ல அவர்களுக்கு நேரம் எங்கே? பழம் கடைக்குப் போக வேண்டும், பவுடர் விருந்தாளிக்கு இருக்க வேண்டும். விஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சோலி முடிந்தது.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது இந்த விஷங்களில் ஒன்றைத் தின்றேன். பெரியப்பாவின் மரத்திலிருந்து ஒரு பிளம்ஸ் பழம் நேராக என் காலடியில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக நீண்டது. தின்று முடித்த பிறகுதான் நான் சாகப் போகிறேன் என்பது நினைவுக்கு வந்தது. விதைக் கிழங்கு கட்டி வைத்திருந்த அறைக்குப் போய், ஒரு சாக்கை விரித்து, நெஞ்சில் கைகளைக் கோத்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். என் பொம்மை இனிமேல் அத்தை மகளுக்குப் போய்விடுமே என்று அழுகை வந்தது. சாவு வரவில்லை. தூக்கம் வந்தது. பிறகு பசி வந்தது. செத்தவர்களுக்குப் பசிக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் எழுந்து போய்ச் சோறு கேட்டேன்.

இந்தச் செய்தியை நான் எனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்தில் எங்கள் நான்கு வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர் எதையாவது காட்டி விஷம் என்றால் நாங்கள் கண்ணை அகல விரித்துப் பயந்து காட்டுவோம். ஆள் மறைந்ததும் அங்கேதான் போவோம். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். இவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று நாங்கள் நினைத்தோம்.

எனக்கு ஒன்பது வயதானபோது வந்த பூண்டு பிடுங்கும் காலத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன். பூண்டு பிடுங்க ஆரம்பித்தால் ஒரு மாதத்துக்கு எங்கள் பக்கம் வீட்டில் பெரிய ஆள் இருக்காது. நான்கு வீட்டுக் குஞ்சு குளுவான்களையும் ஒரு பெண்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அந்த வருடம் அந்தப் பதவி எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம், அதனால் எனக்குச் சந்தோஷம்தான். பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டு அடியில் புகை போடுவார்கள். வீடு, முற்றம், தலைமயிர், குடிக்கிற பால் எல்லாம் பூண்டும் புகையுமாக நாறும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் என் இடுப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல் கனக்கும்.

என்னிடம் ஐந்து பேர் இருந்தார்கள். கடைக்குட்டி என் சித்தியின் மகன், நான்கு வயதுத் தம்பி. மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், வாய் மென்றுகொண்டே இருக்கும். சித்தி காலையில் அவனை இறக்கிவிடும்போது தவறாமல் சொல்வாள்: "ஏ புள்ள, இவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். கல்லத் தவுர எல்லாத்தையும் வாயில போட்டுருவான்."

எங்கள் கொல்லை வேலி ஓரத்தில் ஒரு மரம் நின்றது. கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெரியப்பா அங்கிருந்து ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து ஊன்றியது. முழ நீளத்துக்கு வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். சாயங்காலமானால் முற்றம் முழுக்க மணக்கும். ஊமத்தைக்குச் சொந்தக்கார மரம் அது என்று இப்போது தெரியும். அன்றைக்குப் பெரியப்பாவுக்கு அதன் மேல் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் பிரியம். "வேலிக்கு இத அடிச்சுக்க ஒண்ணு கெடையாது. ஆடு மாடு வாயே வைக்காது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, குச்சியும் ஒடித்துக் கொடுப்பார். மாடு ஏன் வாய் வைக்கவில்லை என்று அவரும் யோசிக்கவில்லை, வாங்கிப் போனவர்களும் யோசிக்கவில்லை.

எனக்கு அந்தப் பூ வேறு விதத்தில் உபயோகப்பட்டது. காம்பைக் கிள்ளிவிட்டுக் கவிழ்த்தால் அது பாவாடை. ஒரு கேரட்டை உள்ளே செருகினால் பாவாடை கட்டிய பொம்பளை. நான் ஒரு கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு, பெண்ணின் தோழிகளுக்கு, சம்பந்தி வீட்டாருக்கு என்று தினமும் பத்துப் பன்னிரண்டு பாவாடை தேவைப்பட்டது. பொடிசுகள் எட்டிய கிளையிலிருந்து பூவை இழுத்துக் கிழித்துப் போட்டன. எனக்கு ஆத்திரமாக வந்தது. இடுப்பில் கை வைத்து, அத்தையின் குரலில் சொன்னேன்:

"யாரும் அந்தப் பூவத் தொடக்கூடாது. அது வெஷம்."

அது நிஜமாகவே விஷம் என்று எனக்குத் தெரியாது. என் பாவாடைகளைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் அது. மற்ற நான்கு பேரும் பொய் என்று புரிந்துகொண்டு சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து கொல்லையை மூடியது. நான் சம்பந்தி வீட்டுக்குச் சோறு பரிமாறுவதில் மும்முரமாக இருந்தேன். தலையை எண்ணியபோது ஒன்று குறைந்தது. தேடிப் போனால் தம்பி மரத்தடியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான். வாயோரம் வெள்ளை இதழ். மடியில் பாதி கடித்த பூ. சுற்றிலும் நான்கைந்து பூ கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பாவாடைகளைப் பாழாக்கிவிட்டானே என்று முதுகில் ஒன்று வைத்தேன். அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் என் கைதான் வலிக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். மறுபடியும் கேட்டான். உதடு காய்ந்து கிடந்தது. பிறகு காற்றில் கையை நீட்டி எதையோ பிடித்தான்.

"அக்கா, கோழிக்குஞ்சு. நெறையா."

மற்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "எனக்கொரு குஞ்சு குடுலே," என்று கையேந்தினார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தான். நானும் ஒன்று வாங்கிக் கூடையில் போட்டு மூடினேன். எழுந்து நடந்தவன் சுவரில் போய் மோதினான். தூக்கினேன், உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. முகம் சிவந்து கிடந்தது. கண்ணைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் கருமணி விரிந்து, கண் முழுக்கக் கருப்பாக இருந்தது. அவன் என்னைத்தான் பார்த்தான், ஆனால் என்னை அவனுக்குத் தெரியவில்லை.

அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கடித்த பூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பூண்டுக் காட்டுக்கு இறங்கி ஓடினேன். பின்னால் நான்கு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய ஐந்தாறு தட்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு தட்டாக உட்கார்ந்து சறுக்கினேன்.

"சித்தி! தம்பி வெஷத்தத் தின்னுட்டான்!"

வரிசையாகக் குனிந்திருந்த பொம்பளைகள் நிமிர்ந்தார்கள். சிரித்தார்கள். நம்புங்கள், சிரித்தார்கள்.

"எந்த வெஷத்தடி? மரத்தக்காளியா, தாட்பூட்டா?" என்றாள் சித்தி, கையிலிருந்த பூண்டை உதறிக்கொண்டே.

"அடி சண்டாளி, என் பவுடர் டப்பாவத் தொறந்துட்டீகளா?" என்று அத்தை கேட்டாள். சிரிப்பு காட்டின் அந்தக் கோடி வரைக்கும் போனது. அம்மா மட்டும் கொஞ்சம் வெட்கத்துடன், "ஒண்ணும் ஆகாது புள்ள, அதெல்லாம் நாங்க சும்மா சொல்றது," என்றாள்.

"இது சும்மா இல்லம்மா. நெச வெஷம்!" என்று கத்தினேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நானாகத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

தம்பியைக் கீழே விட்டேன். அவன் பூண்டு இல்லாத இடத்தில் உட்கார்ந்து, இல்லாத பூண்டைப் பிடுங்கி, இல்லாத மண்ணைத் தட்டினான். சிரிப்பு நின்றது. சித்தி ஓடிவந்து அவனை அள்ளினாள். பேய் அடித்திருக்கிறது, பூசாரியைக் கூப்பிடு என்று ஒரு குரல். புளித்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வை என்று இன்னொரு குரல். அத்தை கஞ்சிக் கலயத்தைக் கவிழ்த்துவிட்டுப் புளி கரைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல், பூவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் பூவையா தின்னான்? இத மாடு கூட வாய் வைக்..."

பாதியில் நின்றார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்த நேரம் அது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு புளிக் கலயத்தைக் காலால் எத்திவிட்டு, "ஏலே, ஜீப்ப எடு! வெரசா!" என்று மேட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார்.

பூண்டு மூட்டை ஏற்ற வந்திருந்த ஜீப் அது. ஏற்றிய மூட்டைகளை எல்லாரும் சேர்ந்து ரோட்டில் தள்ளிவிட்டார்கள். அவன் பூவைத் தின்றதைப் பார்த்தவள் நான் என்பதால் என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். கொடைக்கானல் போய்ச் சேரும் வரை சித்தி எல்லாச் சாமிக்கும் மொட்டை நேர்ந்துகொண்டு வந்தாள். தம்பி டிரைவர் மாமாவிடம் வடை இருக்கிறதா என்று கேட்டான், கண்ணாடியில் மயில் உட்கார்ந்திருக்கிறது, ஓட்டாதே என்றான். டிரைவர் மாமா அழுதுகொண்டே, "சரிடா ராசா, மயில எறக்கி விட்டுட்டேன்," என்று சொல்லி வண்டியை விரட்டினார். நான் தம்பியின் இரண்டு கையையும் பிடித்திருந்தேன். அவன் செத்துப்போனால் அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். விஷம் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் அந்த மரத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டான். சித்தியிடம் சொல்லிவிட வாயைத் திறந்தேன், திறந்தேன், தம்பியின் கையைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என் கையிலிருந்த பூவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே வந்து, "ஏதாவது குடிக்கக் குடுத்தீங்களா? வாமிட் பண்ண வச்சீங்களா?" என்று கேட்டார். நான் கொடுத்த தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை என்றோம். "நல்ல வேளை. நினைவு தெளிவா இல்லாத குழந்தைக்கு வாயில எதையாவது ஊத்தினா மூச்சுக்குழாய்ல போயிடும். செடியைக் கையோட கொண்டு வந்தீங்க பாருங்க, அதுவே பாதி ட்ரீட்மென்ட்," என்றார். பெரியப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் தம்பிக்குக் கண் தெளிந்தது. என்னைப் பார்த்து, "அக்கா, பசிக்கி," என்றான். நான் வாழ்க்கையில் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

டாக்டரம்மா அவன் கட்டிலில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏன்டா கண்ணா, அந்தப் பூவை எதுக்குச் சாப்பிட்ட?"

"வெஷம்னு சொன்னாக."

"விஷம்னு சொன்னா சாப்பிடலாமா?"

"எல்லா வெஷமும் நல்லாருக்கும்," என்றான் தம்பி. "இது மட்டும் கசக்குது."

டாக்டரம்மா ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். அத்தை தன் கால் விரலைப் பார்த்தாள். கடைசியில் சித்திதான் மரத்தக்காளியில் ஆரம்பித்து பவுடர் டப்பா வரை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் கண்டிப்பாக இருந்தது. "இனிமே எது விஷமோ அதை மட்டும் விஷம்னு சொல்லுங்க. மத்தது உங்களுக்கு வேணும்னா, வேணும்னு சொல்லிக் கேளுங்க. அந்த மரத்தை யாருமே விஷம்னு சொல்லலையா?"

"இந்தப் புள்ள ஒருத்திதான் சொல்லியிருக்கா," என்றாள் சித்தி. என் பின்னால் ஓடிவந்த பொடிசுகள் காட்டிலேயே அவளிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம பெரியவுக யாருக்கும் தோணல. இவளுக்குத் தோணியிருக்கு பாருங்க." டாக்டரம்மா என் தலையைத் தடவினார். நான் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பா ஒரு நாள் பூண்டு வேலையை நிறுத்தினார். பூண்டுக் காலத்தில் எங்கள் ஊரில் சாவுக்குத்தான் அப்படி நிறுத்துவார்கள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு முதலில் அந்த மரத்தை வேரோடு தோண்டினார். குச்சி வாங்கிப் போன வீடுகளுக்கெல்லாம் தானே போய், தான் கொடுத்ததைத் தானே பிடுங்கினார். பிறகு எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார். ஒவ்வொரு பெரியவரும் தங்கள் பொய்க்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு.

"இது வெஷம் இல்ல. இது பிளம்ஸ். எனக்கு விக்கணும்," என்று அவரே ஆரம்பித்து வைத்தார். அம்மா கருப்பட்டியைக் காட்டினாள். அத்தைதான் ரொம்ப நேரம் முரண்டு பிடித்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "பழசாயிட்டா வெஷந்தானே?" என்று இழுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒத்துக்கொண்டு ஆளுக்கு அரைக் கரண்டி உள்ளங்கையில் போட்டாள். அதற்குப் பிறகு நிஜமானவற்றைக் காட்டினார்கள். கோயில் வாசல் அரளி, உருளைச் செடியில் குட்டித் தக்காளி மாதிரி காய்க்கிற பச்சைக் காய், வெயில் பட்டுப் பச்சையாகிப்போன கிழங்கு. தம்பி கையைக் கட்டிக்கொண்டு, "மாடு திங்குமான்னு பாப்பம்," என்றான். மாடு தின்னாததெல்லாம் விஷமும் இல்லை, தின்பதெல்லாம் நமக்கு ஆகும் என்பதும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவன் கேட்டதற்காகப் பசுவை ஓட்டி வந்து அரளி முன்னால் நிறுத்தினார்கள். பசு முகர்ந்து பார்த்துவிட்டு, அத்தையின் முந்தானையைக் கடித்தது.

அந்த வாரம் பிளம்ஸ் மரத்தில் ஒரு பழம் மிஞ்சவில்லை. பெரியப்பா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சித்தி மஞ்சள் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாள். ஊரில் எனக்குப் புத்திசாலி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரோடுதான் படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், தலை நரைத்தேன். சித்தி சாகும் வரை அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அதற்கு எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை.

போன மாதம் பண்ணைக்காட்டுக்குப் போயிருந்தேன். தம்பி அங்கே காப்பியும் மிளகும் போட்டிருக்கிறான். அவன் பேத்திக்குக் காதுகுத்து. பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. மருமகள் கூடத்தை அழகு செய்ய வாங்கி வைத்திருந்த தொட்டிச் செடிகளில், பட்டை பட்டையான இலையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றைத் தம்பி வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். "கிள்ளி வாயில வச்சா நாக்கு வீங்கிருமாம்க்கா. சாறு கண்ணுல பட்டாலும் ஆகாதாம்," என்றான். நான் கூடவே நடந்தேன். வேலியோரம் வந்ததும், ஐம்பது வருடத்துக்கு மேலாக அடைத்துக் கிடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பாவாடைக்காகச் சொன்ன பொய், முதுகில் வைத்த அடி, வாங்கிக்கொண்ட நல்ல பெயர், எல்லாவற்றையும்.

அவன் தொட்டியைப் பிடித்தபடியே நிமிர்ந்தான்.

"தெரியும்க்கா. நீ பொய் சொன்னா மூக்கச் சொறிவ. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் சொறிஞ்ச."

"பெறகு ஏன்லே ஒரு நாளும் சொல்லல?"

"சொல்லி? வெஷம்னு சொன்னதும் நீதான். என்னத் தூக்கிக்கிட்டு அத்தன தட்டும் சறுக்குனதும் நீதான். ரெண்டையும் கழிச்சா மிச்சம் நான் இருக்கேன்ல."

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அவன் தொட்டியை இறக்கி வைத்தான். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் என் கண்ணைத் துடைக்க வந்தான்.